இன்னோசையும் இன்னாவோசையும்: ‘பெர்க்டாட்’ இசைத்தொகுப்பை முதன்முறை கேட்டமை

சென்ற பருவத்தில் யாப்பிலக்கணம் நடத்திய வகுப்பொன்றில், ஓசையும் பொருளும் ஒன்றற்கொன்று துணையாதல் வேண்டும் என்பதை விளக்கப் புகுந்தோம். எதிர்க்காட்டாக ஒன்று வேண்டியிருந்தது. மேல்நாட்டில் ‘பிளாக் மெட்டல்’ என வழங்கும் இசைவகையில் சொல் விளங்காது, குரல் அலறலாகும், கருவி இரைச்சலாகும். ஆகவே அஃது இசையும் அன்று, பாட்டும் அன்று என்றோம். வகுப்புச் சிரித்தது. வகுப்பு முடிந்தபின் முதுகலை மாணவர் ஒருவர் எம்மிடம் வந்து, “ஐயா, தாங்கள் அதனைக் கேட்டதுண்டா?” என்று பணிவாக வினவினார். கேட்டதில்லை. பாடம் ஓதாது உரை எழுதுவாரை யாம் பலகால் இடித்துரைத்திருக்கின்றோம். அக்குற்றத்தையே யாமும் செய்திருந்தோம்.

அம்மாணவர் மறுநாள் ஓர் இசைத்தொகுப்பையும், அதன் பாடல்களை ஆங்கில வழியாகத் தாமே தமிழாக்கி எழுதிய தாள்கள் சிலவற்றையும் கொணர்ந்து தந்தார். ஒருமுறை முழுதும் கேட்டபின்னரே தாள்களைப் பிரித்தல் வேண்டும் என்பது அவர் இட்ட கட்டளை. ஆசிரியர்க்கு மாணவர் கட்டளையிடுதல் வழக்கமன்று. எனினும் அறிந்தார் அறியார்க்குச் சொல்லுதல் முறையே ஆதலின், அவர் சொற்படியே செய்தோம். முதன்முறை கேட்டபோது யாம் உற்றவற்றையும், பாடற்பொருள் அறிந்தபின் எம் கருத்து மாறியவாற்றையும் ஈண்டு எழுதுகின்றோம். இசைநூல் வல்லார் இதனுள் குறை காண்பர். யாம் இலக்கியம் பயின்ற செவியால் கேட்டதையே சொல்ல இயலும்.

தொகுப்பின் பெயர் ‘பெர்க்டாட்’. மலையால் கொள்ளப்பட்டவர் என்பது அந்நார்வேச் சொல்லின் நேர்பொருள். ஐந்து இயல்களால் ஆகிய ஒரு கதை என்பது துணைத்தலைப்பு. 1993-இல் ஆஸ்லோ நகரில் தோன்றிய ‘உல்வர்’ என்னும் குழு இதனை 1995-இல் வெளியிட்டது. உல்வர் என்பதற்கு ஓநாய்கள் என்று பொருள். பாடியவர் கிறிஸ்டோஃபர் ரிக் என்பார், 1976-இல் பிறந்தவர், தொகுப்பு வெளிவந்தபோது இருபது வயது நிரம்பாதவர். ஐந்து இயல்களும் சேர்ந்து ஏறத்தாழ 34 நிமிடங்களில் முடிந்துவிடும். காப்பியம் என்று சொல்லத்தக்க நீளம் இல்லை. ஆயினும் முதல், நடு, இறுதி என்னும் கோப்பு உண்டு.

இவ்விசைவகையின் வரலாற்றைச் சுருங்கச் சொல்லலாம். பெயர், ‘வெனம்’ என்னும் ஆங்கிலக் குழு 1982-இல் வெளியிட்ட தொகுப்பின் தலைப்பிலிருந்து வந்தது. ஸ்வீடன் நாட்டுப் ‘பாத்தரி’ குழுவின் வாயிலாக வளர்ந்து, 1990-களின் தொடக்கத்தில் நார்வேயில் தனக்கென ஓர் இலக்கணத்தை வகுத்துக்கொண்டது. மேஹெம், டார்க்த்ரோன், புர்சும், எம்பரர் முதலிய குழுக்கள் அக்காலத்தன. கிட்டாரின் ஒரே நரம்பை இடையறாது விரைந்து மீட்டுதல், டிரம்மை மூச்சுவிட இடமின்றி முடுக்குதல், தொண்டையைக் கிழித்தாற்போன்ற குரல், மெருகிடாத ஒலிப்பதிவு ஆகியவை அவ்விலக்கணத்தின் உறுப்புகள். இவற்றை நீட்டியும் அடுக்கியும், ஒரு கருத்தைக் கூறுதற்கு மாறாக ஓர் இடத்தையும் பருவத்தையும் எழுப்பிக் காட்ட முயலும் கிளையை ‘அட்மாஸ்ஃபெரிக் பிளாக் மெட்டல்’ என்பர். சூழல்சார் பிளாக் மெட்டல் என்று தமிழில் சொல்லலாம். பெர்க்டாட் அக்கிளையின் முன்னோடிகளுள் ஒன்றாக எண்ணப்படுகின்றது.

இனி, கேட்ட முறை. வீட்டார் உறங்கியபின், ஹெட்போன் பூட்டிக்கொண்டு அமர்ந்தோம். அலறலை எதிர்பார்த்துச் செவியை முன்கூட்டியே இறுக்கிக்கொண்டோம் என்பதை மறைப்பதற்கில்லை. முதல் இயல் எம்மை ஏமாற்றிவிட்டது. அலறல் வரவில்லை. கிறித்தவ மடங்களில் துறவியர் கூடிப் பாடுவதுபோன்ற தூய குரல், பல அடுக்குகளாக, அவசரமின்றி எழுந்தது. அக்குரலின் கீழே கிட்டார்கள் ஒரு பெருந்திரையாக விரிந்திருந்தன. முதல் இரண்டு நிமிடங்கள் அத்திரையை யாம் இரைச்சல் என்றே கேட்டோம். குரலை இரைச்சலினின்று பிரித்தெடுத்துக் கேட்பதற்கு முயன்றோம். பிரிக்க வரவில்லை.

அதன்பின் நிகழ்ந்ததைத்தான் விரித்துக் கூறவேண்டும். எந்தக் கணத்தில் என்று சுட்ட இயலாதவாறு இரைச்சல் இரைச்சலாக இருப்பது நின்றது. விரைவு எல்லாம் மேற்பரப்பில் இருந்தது. அதனடியில் சுரக்கூட்டுகள் மிக மெல்ல மாறிக்கொண்டிருந்தன. விரலும் கோலும் நொடிக்குப் பலமுறை அசைய, பண் மட்டும் மெதுவாக நடந்தது. தகரக் கூரையின்மீது பெய்யும் மழையைக் கேட்பார் துளிகளை எண்ணுவதில்லை. மழை வலுப்பதையும் தளர்வதையுமே கேட்கின்றனர். அதுபோன்றே இதுவும். தொல்காப்பியர் செய்யுளியலில் இருபது வண்ணங்களை வகுக்குமிடத்து முடுகு வண்ணத்தையும் தூங்கல் வண்ணத்தையும் வெவ்வேறாக வைத்தார். இரண்டும் ஒரே இடத்தில், ஒன்றன்மேல் ஒன்றாக நிற்றல் கூடும் என்பது எமக்குப் புதிய செய்தி. ஒரே காலத்தில் ஒரு நாவால் ஓதப்படும் செய்யுளில் அஃது இயலாது; பல கருவிகளால் ஆகும் இசையில் இயலும்.

இவ்விரைச்சலுக்கு ஓர் இயற்பியற் காரணமும் உண்டு. மின்கிட்டாரின் ஒலியைத் தாங்கும் அளவுக்குமேல் பெருக்கும்போது ஒலியலையின் முகடுகள் வெட்டுண்டு போகின்றன. வெட்டுண்ட அலையில், மூலச் சுரத்தில் இல்லாத மேற்சுரங்கள் தோன்றுகின்றன. இரண்டு சுரங்கள் ஒருங்கே வெட்டுண்டால் அவற்றின் கூட்டலாலும் கழித்தலாலும் ஆகிய வேறு சுரங்களும் பிறக்கின்றன. ஆகவே, எவரும் மீட்டாத சுரங்கள் அத்திரைக்குள் உண்மையாகவே ஒலிக்கின்றன. முதல் இயலின் பின்பாதியில் யாரோ தொலைவில் பாடுவதுபோல் எமக்குக் கேட்டது. அது குரலா, கருவியின் இவ்வகைப் பிறப்பா என்பதை இன்றளவும் எம்மால் துணிய முடியவில்லை. காட்டில் வழிதப்பியவரைப் பற்றிய பாட்டு அஃது என்பதை அப்போது யாம் அறியோம்.

இரண்டாம் இயல் புல்லாங்குழலோடு தொடங்குகின்றது. எளிய, நாட்டுப்புறச் சாயல் கொண்ட இசை. அதனைத் தொடர்ந்து, யாம் அஞ்சியிருந்த அலறல் எழுந்தது. நாற்காலியின் கையைப் பற்றிக்கொண்டோம். மனிதக் குரல் என்று முதலில் தோன்றவில்லை. விலங்கின் குரல் என்றும் தோன்றவில்லை. காற்று இடுக்கில் புகுந்து வெளிப்படும் ஒலிபோல் இருந்தது. உயிரெழுத்துகள் தேய்ந்து மெய்யெழுத்துகளின் உராய்வே எஞ்சியது எனலாம். பொருளை உணர்த்தும் சொல்லாக அக்குரல் எமக்கு வரவில்லை. மொழி அறியாமையால் தூய குரலும் எமக்குப் பொருள் உணர்த்தவில்லை என்பதை அப்போது எண்ணிப் பார்த்திருக்கவேண்டும். இனிய குரலில் விளங்காத சொல்லை மன்னித்த யாம், இன்னாக் குரலில் விளங்காத சொல்லைக் குற்றமாக்கினோம். வகுப்பில் யாம் கூறியது சொல்லைப் பற்றிய கூற்று அன்று, எம் செவியின் விருப்பைப் பற்றிய கூற்று என்பது அவ்விடத்தில் வெளிப்பட்டது.

மூன்றாம் இயலின் இடையே கருவிகள் ஒருங்கே அடங்குகின்றன. உலர்ந்த சுள்ளிகள் மிதிபட்டு ஒடியும் ஓசையும், ஓடுகின்ற காலடியும், அவற்றோடு பியானோ ஒன்றும் கேட்கின்றன. யாம் திடுக்கிட்டுத் திரும்பி அறையின் கதவைப் பார்த்தோம் என்பதைச் சொல்லுதற்கு நாணமில்லை. தொகுப்பு முழுவதிலும் எம்மை மிகுதியாக அச்சுறுத்திய இடம் இதுவே. ஆயினும் இரண்டாம் முறை கேட்டபோது மிக எளியதாகப் பட்டதும் இவ்விடமே. காரணம் வெளிப்படை. காட்டை இசையால் எழுப்பிக்கொண்டு வந்தவர்கள் ஈண்டுக் காட்டின் ஒலியையே எடுத்து வைத்துவிட்டனர். கூத்தில் மலையைக் கையாற் காட்டிவந்தவன் இடையே ஒரு கல்லைத் தூக்கிவந்து அரங்கில் வைத்ததைப் போன்றது இது. கல் மெய்யானதுதான், ஆயின் அதுவரை நாம் கண்ட மலை சிறுத்துப் போகின்றது. இத்தொகுப்பைப் போற்றுவோர் பலர்க்கு இப்பகுதியே உயிர்நிலை என்று மாணவர் கூறினார். யாம் உடன்படவில்லை.

நான்காம் இயலில் சிதைந்த ஒலி இல்லை, அலறலும் இல்லை. மின்பெருக்கம் இல்லாத கிட்டாரும், காதருகே வந்து பேசுவதுபோன்ற தணிந்த குரலுமே உள. நான்கு நிமிட அளவிற்று. புயலுக்குப்பின் அமைதி வந்தது என்று எண்ணி, அதுவரை இறுகியிருந்த தோள்களைத் தளர்த்திக்கொண்டோம். ஈண்டு யாம் அடைந்த ஆறுதலைப் படிப்போர் நினைவில் வைத்தல் வேண்டும். பின்னர் இதற்கு மீள்வோம். ஐந்தாம் இயலில் அலறலும் தூய குரலும் மீண்டும் வருகின்றன. ஒன்றன்பின் ஒன்றாக வந்த அவ்விரண்டையும் கேட்டபோது, முன்போல அவற்றுள் ஒன்றை விரும்பி மற்றொன்றை வெறுக்க எமக்குத் தோன்றவில்லை. தொகுப்பு முடிந்தது. சிறிது நேரம் அப்படியே இருந்தோம். அதன்பின் தாள்களைப் பிரித்தோம்.

கதை மிக எளிது. ஓர் இளம்பெண் காட்டில் வழிதப்புகின்றாள், பொழுது சாய்கின்றது, தன்னை நோக்கும் ஏதோ ஒன்றன் பார்வையை உணர்கின்றாள், ஒரு குரல் அழைக்கின்றது, மலையின் உள்ளறைகளுக்குள் சென்றுவிடுகின்றாள். இயல்களின் தலைப்புகளே இவ்வளவையும் சொல்லிவிடுகின்றன. முதல் இயலின் தலைப்பு காட்டையும் இரண்டாம் இயலின் தலைப்பு மலைகளுக்குப் பின்னே கதிரவன் இறங்குவதையும் கூறுதல் நோக்கத்தக்கது. நிலமும் பொழுதும் முதலில் வைக்கப்பட்டன. அந்நிலத்துக்கு உரிய அஞ்சத்தக்க உயிர் மூன்றாவது வருகின்றது. நிகழ்ச்சி அதன்பின்னரே. தமிழ் பயின்றார்க்கு முதற்பொருள், கருப்பொருள் என்னும் வைப்புமுறை உடனே நினைவுக்கு வரும். எமக்கும் வந்தது. ஆயின் இதனைக் கொண்டு வடகடல் நாட்டில் ஐந்திணை இருந்தது என்று நிறுவப் புகுவது நகைப்புக்கு இடமாகும். அத்தகைய கட்டுரைகள் நம்மிடையே போதிய அளவு உள. காட்டையும் இருளையும் பாட எடுத்துக்கொண்டவர் எந்நாட்டவராயினும் இடத்தையும் பொழுதையும் முதலில் நிறுத்துவர் என்பதே யாம் கொள்வது. நம் இலக்கணம் ஈண்டு அளவுகோலாக மட்டும் பயன்படும்.

அவ்வளவுகோலால் அளக்கத்தக்க பிறிதொன்று, அச்சம் என்னும் மெய்ப்பாடு. தொல்காப்பியர் அச்சத்துக்கு நிலைக்களமாக அணங்கு, விலங்கு, கள்வர், இறை என்னும் நான்கினைக் கூறினார். பெர்க்டாட்டின் அச்சம் இந்நான்கனுள் அணங்கின்பாற் படும். நார்வே நாட்டு மக்களிடையே, மலைகளுக்குள் வாழும் ‘ஹுல்ட்ரெ’ மக்கள் என்னும் மறைந்துறை கூட்டத்தாரைப் பற்றிய நம்பிக்கை நெடுங்காலம் வழங்கியது. பீட்டர் கிறிஸ்டன் ஆஸ்பியோர்ன்சன் என்பார் அவர்களைப் பற்றிய கதைகளைத் தொகுத்து 1845-இல் நூலாக்கினார். அதற்கு முன்பே, 1841 முதல், அவரும் யோர்கன் மோ என்பாரும் கூடி நாட்டுப்புறக் கதைகளை வெளியிடத் தொடங்கியிருந்தனர். கால்நடை மேய்க்க உயர்ந்த மலைப்புல்வெளிகளில் கோடைக்காலத்தில் தனித்துத் தங்கும் பெண்கள் மலைமக்களால் கொண்டுபோகப்படுதல் அக்கதைகளில் பன்முறை வருவது.

நம் சங்க அகப்பாடல்களிலும் மலையும் அணங்கும் மெலிந்த பெண்ணும் உண்டு. ஆயின் அங்கு அமைப்பு வேறு. மகளின் மெலிவு முருகணங்கால் வந்தது என்று தாய் கருதி வேலனை அழைத்து வெறியாட்டு எடுப்பாள். நோய்க்குக் காரணம் மலைநாடனாகிய தலைவனே என்பதைத் தலைவி அறிவாள், தோழி அறிவாள், பாட்டைக் கேட்கும் நாமும் அறிவோம். அணங்கு என்பது அங்கே பெரும்பாலும் தாயின் பிழையறிவு. அப்பிழையிலிருந்து அச்சம் தோன்றுவதில்லை. ஒருவகை நகையும் இரக்கமுமே தோன்றுகின்றன. பெர்க்டாட்டில் அப்பிழை இல்லை. அணங்கு அணங்கே. அதனினும் பெரிய வேறுபாடு, அங்கே தோழி இல்லை என்பது. அப்பெண்ணின் நிலையை எடுத்து மற்றொருவர்க்குச் சொல்லுவார் எவரும் கதைக்குள் இல்லை. உடன்நிற்பார் இல்லாத தனிமையை நம் அகமரபு ஏறக்குறைய அறியாது என்றே சொல்லலாம். பாலைவழியில் செல்லும் தலைவன்கூடத் தன் நெஞ்சோடாவது பேசிக்கொள்வான்.

அங்ஙனமாயின் பாடுகின்றவர் யார்? கூற்று யாருடையது என்று கேட்டே பாட்டைத் திறக்கப் பழகியவர் நாம். முதன்முறை கேட்டபோது யாம் ஒரு விடையை வகுத்து வைத்திருந்தோம். தூய குரல் அப்பெண்ணுடையது, அல்லது அவள்பால் இரங்குவாருடையது. அலறல் தீய உயிரினுடையது என்பது அவ்விடை. தாள்களைப் படித்தபோது அது நிற்கவில்லை. பெரும்பாலும் கதைசொல்வான் ஒருவனின் கூற்றாகவே பாடல்கள் நடக்கின்றன. கதிரவன் மறைவதும் நிழல் நீள்வதுமாகிய எளிய செய்திகளும் அலறற்குரலில் வருகின்றன. குரல் மாறுவது ஆளை உணர்த்தவில்லை. கதையின் நிலையை உணர்த்துகின்றது. கதைசொல்வானையே இருள் சூழ்ந்துகொள்ளும்போது அவன் குரல் அவ்வாறு ஆகின்றது என்று கொள்ளலாம்.

இனி நான்காம் இயலுக்கு மீள்வோம். எமக்கு ஆறுதல் தந்த அவ்வியலின் தலைப்பு, ‘ஒரு குரல் மயக்கி அழைக்கின்றது’ என்னும் பொருளது. இதனைத் தாளில் படித்தபோது எமக்கு ஏற்பட்டதை வியப்பு என்று சொல்லி விடுதல் பொருந்தாது. தோற்றோம் என்பதே பொருந்தும். இரைச்சலும் அலறலும் நிறைந்த மூன்று இயல்களிலும் அப்பெண் காட்டில் வழிதேடி ஓடிக்கொண்டிருந்தாள். ஓடும் வரையில் அவள் மீளவும் கூடும். மென்மையான கிட்டாரும் தணிந்த குரலும் வந்த இடத்திலேதான் அவள் நின்றாள். யாமும் அவ்விடத்திலேதான் தோள்களைத் தளர்த்தினோம். இன்னாவோசை அவளைக் கொண்டுபோகவில்லை. இன்னோசையே கொண்டுபோயிற்று. மலைக்குள் அழைக்கும் குரலை அலறலாக அமைத்திருந்தால் எவர் அதன்பின் செல்வார்?

தமிழாக்கத்தை முன்னரே படித்திருப்பின் இது நிகழ்ந்திராது. நான்காம் இயல் சூழ்ச்சி என்பதை அறிந்து, வெளியே நின்று வியந்திருப்போம். பொருள் அறியாமல் கேட்டமையால் சூழ்ச்சிக்கு உட்பட்டோம். மாணவர் இட்ட கட்டளையின் நோக்கம் அதுவே போலும். பாட்டின் சொற்பொருளை முதலில் தெளிந்து, பின்னரே அதன் ஓசையை நோக்குதல் வேண்டும் என்பது யாம் பல ஆண்டுகளாக வகுப்பில் கைக்கொண்டு வரும் முறை. பதவுரை எழுதாமல் ஓசைநயம் பேசுவதை யாம் அனுமதிப்பதில்லை. அம்முறை எல்லாப் பாட்டுக்கும் பொருந்தாது என்பதற்கு இத்தொகுப்பு ஒரு சான்று. இம்முறையால் எத்தனை பாட்டுகளின் முதற்கேள்வியை மாணவர்க்குக் கெடுத்தோம் என்பதை நினைக்கின் வருத்தமே தோன்றுகின்றது. முதற்கேள்வி ஒருமுறைதான் கிட்டும். இப்போது அத்தொகுப்பை ஆறுமுறை கேட்டுவிட்டோம். நான்காம் இயலில் எம் தோள்கள் தளர்வதில்லை.

மொழிநடையைப் பற்றியும் ஒரு சொல். இப்பாடல்கள் இன்றைய நார்வே மொழியில் எழுதப்பட்டவை அல்ல. பழைய டேனிய எழுத்துமுறையைத் தழுவிய நடை. இயல்களின் தலைப்புகளைப் பார்த்த அளவிலே, இரட்டித்த உயிரெழுத்துகளால் அப்பழமை தெரியும். நார்வே 1814 வரை டென்மார்க் மன்னர் ஆட்சியில் இருந்தது. ஆகவே எழுத்துமொழி டேனிய மொழியாகவே இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஈவார் ஓசன் என்பார் நாட்டுப்புற வழக்குகளைக் கொண்டு வேறோர் எழுத்துமொழியை அமைத்தார். மலையடிவாரத்து மக்கள் வாய்ப்பட்ட கதையைப் பாடுவோர்க்கு, அம்மக்கள் பேச்சை அடியாகக் கொண்ட அந்நடையே நெருங்கியது. இளைஞராகிய உல்வர் குழுவினரோ குருமாரும் அரசு அலுவலரும் எழுதிய பழநடையைத் தேர்ந்தனர். பழமை வேண்டியவர்க்குப் பழமையின் தோற்றமே போதுமாயிற்று. இதனைக் குறை என்றே கருதுகின்றோம். எனினும் பழநடையில் எழுதினால் பொருளுக்குப் பெருமை வரும் என்று எண்ணுவாரைக் கடிந்துரைக்க, இவ்விதழில் எழுதும் எவர்க்கும் உரிமை குறைவு.

இறுதியாக, எழுதாமல் விட இயலாத ஒன்று உண்டு. மலையால் கொள்ளப்பட்டவரை மீட்பதற்கு அந்நாட்டு மக்கள் நம்பிய வழி, கோயில் மணியை அடித்தல். மணியோசை மலையை எட்டினால் மறைந்துறைவோரின் பிடி தளரும் என்பர். ஐந்தாம் இயலை மறுமுறை கேட்கையில் எங்கேனும் அம்மணி ஒலிக்குமா என்று காத்திருந்தோம். எம் செவிக்கு ஒலிக்கவில்லை. கலைநோக்கில் அது சரியே. மணி ஒலித்தால் கதை வேறாகிவிடும். ஆயின் இத்தொகுப்பு எழுந்த ஆண்டுகளில், இவ்விசையைச் சூழ்ந்திருந்தோருள் சிலர் மணி ஒலிக்கும் கோயில்களையே எரித்தனர். பெர்கன் நகரின் அருகே இருந்த ஃபான்டாஃப்ட் மரக்கோயில் 1992 ஜூன் 6-ஆம் நாள் தீக்கிரையாயிற்று. பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஃபோர்ட்டூன் என்னும் ஊரில் எழுப்பப்பட்டு, 1883-இல் பிரித்து இவ்விடத்துக்குக் கொணரப்பட்ட கோயில் அது. இடைக்காலத்து மரக்கோயில்கள் நார்வேயில் இன்று 28 மட்டுமே எஞ்சியுள்ளன. எரிந்த கோயிலின் படத்தைப் புர்சும் குழு 1993-இல் வெளியிட்ட ஓர் இசைத்தட்டின் முகப்பாக்கிற்று. அதன் தலைப்புக்குச் ‘சாம்பல்’ என்று பொருள். அக்குழுவாக நின்ற ஒருவரான வர்க் விக்கர்னெஸ், 1993-இல் மேஹெம் குழுவின் கிட்டார்க் கலைஞரைக் கொன்றார். அக்கொலைக்காகவும் கோயில்கள் சிலவற்றைத் தீவைத்தமைக்காகவும் 1994-இல் 21 ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். சூழல்சார் பிளாக் மெட்டலின் இலக்கணத்தை அமைத்தவருள் முதன்மையானவராக அவரை எண்ணுவர்.

பெர்க்டாட் பாடியோரை அத்தீச்செயல்களோடு பிணைத்துக் குற்றஞ்சாட்டுதல் எம் நோக்கமன்று. எரிந்த கோயிலை 1997-இல் மீண்டும் எழுப்பிவிட்டனர் என்று கூறி ஆறுதல் அடைவதும் எம் நோக்கமன்று. யாம் கேட்பது வேறு. மக்கள் மரபின் பழமையை மீட்பதாகச் சொன்ன ஓர் இயக்கம், அம்மக்கள் எண்ணூற்றாண்டுகளாகப் போற்றிய பழமையை எரித்தது. மலைமக்களின் கதையும் மரக்கோயிலின் மணியும் ஒரே ஊராருடையவை. ஒன்றன் அச்சத்துக்கு மற்றொன்று மருந்தாக இருந்தது. அச்சத்தை மட்டும் எடுத்துக்கொண்டு மருந்தை எரித்தவர் மரபினை அறிந்தவர் ஆகார். பெர்க்டாட்டைக் கேட்கும்போது ஒலிக்காத அம்மணியையும் சேர்த்தே யாம் கேட்கின்றோம். இஃது அக்குழுவினர் எண்ணியதன்று. எனினும் 1992-க்குப்பின் வந்த ஒரு நார்வேத் தொகுப்பில் மணியின் மௌனம் வெறும் மௌனமாக இருத்தல் இயலாது. மாணவர் இக்கருத்தை ஏற்கவில்லை. பாட்டினுள் இல்லாததைப் பாட்டின்மேல் ஏற்றுகின்றீர் என்றார். எம் மாணவர் எமக்கு அதனை எடுத்துக்காட்டியது முறையே. எனினும் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை.

தமிழாக்கத்தைத் திருத்தித் தருமாறு அவர் வேண்டியிருந்தார். பெரும்பகுதி நன்றாகவே அமைந்துள்ளது. தலைப்பில் மட்டும் எமக்குள் வழக்கு நேர்ந்தது. ‘மலையால் கொள்ளப்பட்டாள்’ என்பது பொருளுக்கு ஒத்தது. ஆயின் செயப்பாட்டுவினையின் நீளம் தலைப்பைச் சுமையாக்குகின்றது. ‘அணங்குற்றாள்’ என்று யாம் எழுதினோம். அதில் மலை இல்லை என்றார். இன்றைய நார்வே வழக்கில் பெர்க்டாட் என்பது வியப்பால் தன்னை மறந்தவரையும் குறிக்கும் என்பதையும் அவரே எடுத்துக்காட்டினார். அவர் முதலில் எழுதி, யாம் கீழ்க்கோடிட்டு வினாக்குறி இட்டிருந்த சொல் ‘மலைத்தாள்’ என்பது. மலை என்னும் பெயருக்கும் மலைத்தல் என்னும் வினைக்கும் வேர் ஒன்று என்று காட்டச் சான்று இல்லை என அருகில் குறித்திருந்தோம். சான்று இப்போதும் இல்லை. வினாக்குறியை அழித்துவிட்டோம்.